சிவப்புப் பூவுக்குக் குட்டைப் பலகை

எங்கள் வீட்டுக்கு எந்தப் பொருள் வருவதாக இருந்தாலும் அதைத் தட்டிப் பார்த்து, தூக்கிப் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டியவன் நான்தான். விவசாயிகள் நெல்லைக் கொண்டுவந்து ஏலத்துக்குப் போடுகிற செஞ்சிக் கமிட்டியில், மூட்டைகளுக்கு நடுவிலேயே என் பாதி ஆயுசு போய்விட்டது. விவசாயி இறக்கி வைத்த மூட்டையில் கையை விட்டு ஒரு பிடி எடுத்து, ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்து, ஈரம் எப்படி, பதர் எப்படி என்று வியாபாரிக்குச் சொல்வது என் வேலை. அந்தப் பழக்கத்தில் கிரைண்டர், பீரோ, தண்ணீர்த் தொட்டி, மகளுடைய சைக்கிள் என்று எல்லாவற்றையும் நான் தட்டிப் பார்த்த பிறகுதான் வாங்கினோம். அதனால் என் மகள், கடல் அலையின்மேல் நின்று வருகிற பலகை ஒன்று வாங்கப் போகிறேன், நீ வந்து பார் என்று கூப்பிட்டபோது, என்னை ஏன் கூப்பிடுகிறாள் என்று எனக்குத் தோன்றவில்லை. கடல் என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை, பாறை. கடல் என்பது எங்களுக்கு வருஷத்தில் ஒரு நாள். மாசி மகத்தன்று எங்கள் ரங்கநாதர் புதுச்சேரிக் கடலுக்குத் தீர்த்தவாரிக்குப் போவார். நாங்களும் வேன் வைத்துக்கொண்டு பின்னாலேயே போவோம். முழங்கால் தண்ணீரில் நின்று தலையில் மூன்று கை அள்ளி ஊற்றிக்கொண்டு கரையேறிவிடுவோம். மற்ற நாளில் சமுத்திரத்தைத் தொடக்கூடாது என்று என் நைனா சொல்லுவார். ஏன் என்று நான் கேட்டதில்லை. எனக்கு நீச்சல் தெரியும். ஆனால் அது கிணற்று நீச்சல். கிணற்றுக்கு நாலு பக்கமும் சுவர் இருக்கிறது.

அவள் எங்களுக்கு ஒரே பிள்ளை. கல்யாணமாகி வெகுநாள் பிள்ளை இல்லாமல், அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் போய், கூட்டத்தில் நசுங்கி, அங்காளம்மனிடம் அழுது வாங்கிய பிள்ளை. அவளை அப்படி ஒரு தண்ணீரில் விட்டுவிட்டு நான் எப்படி இங்கே உட்கார்ந்து நெல்லைக் கடித்துக்கொண்டிருப்பது?

அவள் புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் வேலை பார்க்கிறாள். விடுதியில் தங்கியிருக்கிறாள். முன்பெல்லாம் சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி வந்துவிடுவாள். சில மாதமாக வருவது குறைந்தது. வந்தாலும் வெயிலில் களை பறித்தவள் மாதிரி கறுத்துப்போய் வந்தாள். என் மனைவி கடலை மாவைக் குழைத்து அவள் முகத்தில் பூசிக்கொண்டே, ஆஸ்பத்திரியில் உன்னை மொட்டை மாடியிலா நிறுத்துகிறார்கள் என்று கேட்டாள். அதற்கு மகள் அவளிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். கூட வேலை செய்கிற பெண்ணோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போனது, அங்கே சர்ஃபிங் கற்றுக் கொடுக்கிறவரிடம் சேர்ந்தது, அவரிடமே பலகையை வாடகைக்கு எடுத்துப் பழகுவது, இப்போது சொந்தமாக ஒன்று வேண்டும் என்று நினைப்பது, எல்லாம்.

என் மனைவி அதை என்னிடம் சொன்னது நான் மோர்ச் சோற்றுக்கு வந்த பிறகு. குழம்புச் சோற்றிலேயே சொல்லியிருந்தால் தட்டை விட்டு எழுந்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

“இது ஒனக்கு எப்போ தெரியும்?” என்றேன்.

“தெரியும்.”

“அதான் எப்போ?”

“இன்னும் கொஞ்சம் மோரு ஊத்தட்டா?”

போகக் கூடாது என்று அவளிடம் சொல் என்றேன். அதற்கு என் மனைவி மோர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, “நீங்களே சொல்லுங்க. டப்பாவ முதுவுல கட்டி கெணத்துல தள்ளி உட்டது நீங்களா, நானா?” என்றாள்.

அது உண்மைதான். எண்ணெய் டப்பாவைக் கட்டி எங்கள் கழனிக் கிணற்றில் அவளுக்கு நீச்சல் பழக்கியவன் நான். ஆண் பிள்ளைகளோடு போட்டி போட்டு மோட்டார் ரூம் மேலிருந்து குதிப்பாள். அப்போது கமிட்டி முழுக்க அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்ததும் நான்தான்.

போனில் மகளிடம் பேசினேன். அவள் சண்டை போடவில்லை. அழவும் இல்லை. “உன்ன கேக்காம வாங்க மாட்டேன் நைனா. ஆனா வாங்கறதா இருந்தா நீதான் வந்து பாக்கணும்” என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் புறப்பட்டேன். வீட்டில் மாடு கன்று போட்டிருந்ததால் என் மனைவி வரவில்லை. வேண்டாம் என்று நேரில் சொல்லிவிட்டு, கையோடு மகளை ஊருக்கு அழைத்து வருவதுதான் என் திட்டம்.

புதுச்சேரியைத் தாண்டி ஒரு மீனவர் குப்பம். மணலில் படகுகளுக்குப் பக்கத்தில் கீற்றுக் கொட்டகை. நான் போய்ச் சேர்ந்தபோது மகள் தண்ணீரில் இருந்தாள். முழுக்கைச் சட்டையும் காலை மூடிய பேண்ட்டும் போட்டிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி படபடப்பு குறைந்தது. ஒரு அலை வந்தது. பலகையில் குப்புறப் படுத்திருந்தவள் கையை ஊன்றி எழுந்தாள். நின்றாள். கண்ணை மூடித் திறக்கிற நேரம்தான். விழுந்துவிட்டாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினேன். அதற்குள் அவள் தண்ணீருக்கு மேலே வந்து, முகத்தை வழித்துவிட்டுச் சிரித்தாள். வேலைக்குப் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல வந்த வார்த்தையை நான் எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

கரைக்கு வந்தவளுடைய முகவாயில் ஒரு புதுத் தழும்பு இருந்தது. என்ன என்று கேட்டேன். விடுதிக் குளியலறையில் வழுக்கிவிட்டது என்றாள்.

கற்றுக்கொடுக்கிறவர் அந்தக் குப்பத்துக்காரர்தான். முப்பது வயது இருக்கும். உப்புத் தண்ணீரில் தலைமுடி செம்பட்டையாகிப் போயிருந்தது. மகள் அவரை அண்ணா என்று கூப்பிட்டாள். அவர் விற்பதற்கு வைத்திருந்த இரண்டு பலகைகளை வெளியே எடுத்து மணலில் போட்டார். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இது என் வேலை. தலை கொஞ்சம் தெளிந்தது.

ஒன்று நீளப் பலகை. நீல நிறம். நிமிர்த்தி வைத்தால் என் உயரத்தைத் தாண்டும். அகலமும் அப்படி. மேலே கையை வைத்தால் மெத்தை மாதிரி அமுங்கியது. தட்டினேன். சத்தமே இல்லை. அழுகின பூசணிக்காயைத் தட்டினால் அப்படித்தான் இருக்கும். இன்னொன்று குட்டை. வெள்ளை வெளேரென்று, நடுவில் சிவப்புக் கோடு போட்டு, மூக்கு கூராக இருந்தது. தட்டினால் கணீர் என்றது. ஒரு கையில் தூக்கிவிடலாம். பெண்பிள்ளை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடக்கலாம். பஸ்ஸில்கூடக் கொண்டுவரலாம். இதைப் பார்த்த பிறகு அந்த நீலத்தை யாராவது பார்ப்பார்களா என்று நினைத்தேன்.

அவர் நீலத்தைத்தான் காட்டினார். சின்னது நன்றாகப் பழகியவர்களுக்கு, உங்கள் பெண்ணுக்கு இப்போது பெரியதுதான் சரி, இன்னும் சில வருஷம் போகட்டும் என்றார். கமிட்டியில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். விலை போகாத மூட்டையைத்தான் முதலில் அவிழ்த்துக் காட்டுவார்கள்.

“ஏன் தம்பி, இந்த பெருசு ரொம்ப நாளா நிக்குதா இங்க?” என்று கேட்டேன்.

“நிக்குது ஐயா. வர்ற எல்லாரும் உங்கள மாதிரி சின்னதையேதான் தட்டி பாக்கறாங்க” என்றார்.

பார்த்தாயா, ஒப்புக்கொண்டுவிட்டான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். மகளைப் பார்த்தேன். அவள் வாயால் ‘அண்ணா பெருசுதான் சொல்றாரு’ என்றாள். கண் சிவப்புக் கோட்டின்மேல் இருந்தது. அங்கே நன்றாக நின்று போகிறவர்கள் எல்லாரும் குட்டைப் பலகையில்தான் போனார்கள். அதை நானும் கவனித்திருந்தேன்.

அவசரப்பட வேண்டாம், அடுத்த வாரம் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன். பஸ் ஏற்றிவிட வந்த மகள், “இன்னா நைனா, அம்மனாண்ட கேக்க போறியா?” என்றாள். ஆமாம் என்றேன். “கேளு” என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. பரீட்சை நாளில் அம்மன் கோயில் திருநீறு இல்லாமல் அவள் வெளியே போனதே இல்லை.

எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் பூப்போட்டுப் பார்ப்பது வழக்கம். முடிவு எடுக்க முடியாத காரியம் எதுவானாலும், ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனியாக வாழை இலையில் ஒரே மாதிரி மடித்து, அம்மன் காலடியில் வைத்து, எந்தப் பூவுக்கு எது என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வோம். அப்போது கோயிலில் இருக்கிற சின்னக் குழந்தை ஏதாவது வந்து ஒன்றை எடுத்துக் கொடுக்கும். பிரித்துப் பார்த்தால் பதில். பெண் பார்க்கப் போவது, போர் போட இடம் பார்ப்பது, மாடு விற்பது எல்லாம் எங்களுக்கு அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை நானும் என் மனைவியும் போனோம். வெள்ளை நந்தியாவட்டைக்கு நீளப் பலகை, சிவப்பு அரளிக்குக் குட்டைப் பலகை என்று நினைத்துக்கொண்டேன். தாயே, எது நல்லதோ அதைக் காட்டு என்று கும்பிட்டேன். அம்மா இடுப்பில் இருந்த ஒரு பெண் குழந்தை, வாயில் வைத்திருந்த விரலை எடுத்து, அந்த எச்சில் கையாலேயே ஒரு மடிப்பைத் தூக்கியது. பிரித்தேன். அரளி.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் தட்டிப் பார்த்துச் சொன்னதும் அம்மன் சொன்னதும் ஒன்றாகிவிட்டது. ஆனால் திரும்பி வரும்போது என் மனைவி ஒன்று கேட்டாள்.

“போலாமா, வேணாமான்னு கேக்கலியா?”

அதைக் கேட்கத்தான் முதலில் நினைத்தேன். எனக்குத் தைரியம் வரவில்லை. வேண்டாம் என்று வந்தால் அந்தச் சிரிப்பை நான் பறிக்க வேண்டும். போகலாம் என்று வந்தால் தடுப்பதற்கு என்னிடம் ஒன்றும் இருக்காது. அதனால் எந்தப் பலகை என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தேன். அப்படிக் கேட்டதிலேயே அவள் போவதற்கு நான் சம்மதித்தாகிவிட்டது என்பதும் நடந்துகொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

மகளுக்குப் போன் செய்து, அம்மன் குட்டைப் பலகையைக் கொடுத்துவிட்டாள் என்று சொன்னேன். குதிப்பாள் என்று பார்த்தேன்.

“குட்டையா நைனா?” என்றாள். பிறகு மெதுவாக, “அதுல நான் ஏறி பாத்துட்டேன். அண்ணா வேணாம்னு சொல்ல சொல்ல ஏறினேன். நிக்கவே முடியல. புரண்டுச்சு. அதோட மூக்குதான் முகவாயில குத்திச்சு. தையல் போட்டாங்க” என்றாள்.

குளியலறை வழுக்கவில்லை.

நான் போனை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவள் மகளைத் திட்டிய திட்டு தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். எனக்குத் திட்டவும் வரவில்லை. கொஞ்சம் மேலே குத்தியிருந்தால் கண். அந்தப் பலகையைத்தான் நான் கணீர் என்கிறது என்று மெச்சினேன். அம்மன் முன்னால் நின்று அதைத்தான் வாங்கி வந்திருக்கிறேன். அம்மன் கொடுத்ததைத் தள்ளினால் தெய்வக் குற்றம். தள்ளாவிட்டால் என் பிள்ளையை நானே அந்தக் கூர் மூக்கின்மேல் ஏற்றிவிட வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் அடி அவளுக்குத்தான் விழும் போலிருந்தது.

மறுநாள் காலை கமிட்டிக்குப் போகாமல் கோயிலுக்குப் போனேன். பூசாரி என்னோடு எட்டாம் வகுப்பு வரைக்கும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். எண்ணெய்க் கிண்ணங்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். பலகை, அலை, தையல், அரளி, எதையும் விடவில்லை. கேட்டு முடித்தவன் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

“போன வருசம் ஒம் பொண்டாட்டிக்கு டைபாய்டு வந்துச்சே, மாத்திரைய பூப்போட்டா பாத்த?”

“இல்ல. டாக்டர் குடுத்தத குடுத்தேன்.”

“அம்மனாண்ட இன்னா கேட்ட?”

“பொழைக்க வைன்னு கேட்டேன்.”

“பொழைச்சாளா இல்லியா?”

பிழைத்தாள் என்றேன். ஆனாலும் பூ வந்துவிட்டதே, அதை எப்படித் தாண்டுவது என்று கேட்டேன். அவன் அதற்குச் சிரிக்கவில்லை. அம்மன் பக்கம் திரும்பிக்கொண்டான். இரண்டும் ஒன்று என்று இருக்கும்போதுதான் பூப்போடுவது, ஒன்றில் காயம் படும் என்று தெரிந்த பிறகு அது கேள்வியே இல்லை, தெரியாமல் கேட்டுவிட்டாய் என்றான். தெரியாமல் கேட்டதற்காகப் பிள்ளையை அடிக்கிற தாய் இல்லை இவள் என்றான். பிறகு, “பலகைய அந்த கத்துக்குடுக்கற புள்ளையாண்ட கேளு. பொண்ண இவளாண்ட கேளு” என்றான்.

ஒரு எலுமிச்சம்பழ மாலை கட்டி எடுத்து வரச் சொன்னான். மனசுக்குள் முணுமுணுக்காதே, வாயைவிட்டுக் கேள் என்றும் சொன்னான். சாயங்காலம் என் மனைவி மாலை கட்டிக் கொடுத்தாள். சந்நிதியில் வேறு ஆட்களும் நின்றிருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சத்தமாகவே சொன்னேன். தாயே, என் பிள்ளை கடலுக்குப் போகிறாள். நான்தான் போகச் சொல்லியிருக்கிறேன். நீ பார்த்துக்கொள்.

பூ வைக்கவில்லை. பல்லி சத்தம் போடுகிறதா என்று காது கொடுக்கவும் இல்லை. பதில் கேட்காமல் கும்பிட்டது எனக்கு அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். குங்குமத்தை வாங்கி இட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்கிறவனுக்கு இருக்குமே, அப்படி இருந்தது முதுகு.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டில் மாட்டைப் பார்க்கச் சொல்லிவிட்டு இருவரும் போனோம். அந்தத் தம்பியிடம், நீங்களே சொல்லுங்கள், எது வாங்கலாம் என்றேன். சொன்னதையே மறுபடி சொல்லுவார் என்று பார்த்தேன். அவர் சொல்லவில்லை. இரண்டு பலகைகளையும் தூக்கிக்கொண்டு போய் இடுப்பளவு தண்ணீரில் மிதக்க விட்டார்.

“நீங்களே படுத்து பாருங்க ஐயா.”

“நானா?”

“தட்டி பாத்தீங்க இல்ல, படுத்தும் பாருங்க.”

என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மகள் வெளிப்படையாகவே சிரித்தாள். மாசி மகமும் இல்லை, அமாவாசையும் இல்லை. வெறும் ஞாயிற்றுக்கிழமை. நான் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். உன்னை மிதிப்பதற்கு வரவில்லை, என் பிள்ளைக்காக வருகிறேன் என்று சமுத்திரத்திடம் சொல்லிவிட்டு, சட்டையைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தேன். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

முதலில் குட்டைப் பலகை. அந்தத் தம்பி ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். நெஞ்சை வைத்ததும் முன்பக்கம் உள்ளே போனது. காலைத் தூக்கினேன். அடங்காத கன்றுக்குட்டி மாதிரி அந்தப் பக்கம் ஒரு உதறல். என்ன நடந்தது என்று தெரிவதற்குள் வாய் நிறைய உப்புத் தண்ணீர். அவர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். கரையில் என் மனைவி இப்போது முந்தானையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். “நல்லா கணீர்னு இருக்குதாங்க?” என்று கத்தினாள்.

பிறகு நீலப் பலகை. ஏறிப் படுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஒரு சின்ன அலை அடியில் நுழைந்து, என்னையும் பலகையையும் சேர்த்துத் தூக்கி, அப்படியே கீழே இறக்கிவிட்டுப் போனது. காலம் பூராவும் கோயில் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்திருக்கிறேன். தண்ணீர்மேல் விழுந்தது அன்றைக்குத்தான். அது என்னைத் தாங்கியது. நெல் மூட்டை மாதிரி இருக்கிற என்னையே இது தாங்குகிறதென்றால், அவள் எவ்வளவு இருப்பாள்? கன்னத்தை அந்த மெத்தைமேல் வைத்துக் கொஞ்ச நேரம் கிடந்தேன். நான் பயந்துவிட்டேன் என்று நினைத்து அவர் இறக்கிவிட வந்தார். இருக்கட்டும் தம்பி என்றேன்.

“மேல ஏன் மெத்தையா இருக்குதுன்னு இப்போ தெரியுதா ஐயா? விழுந்து மேல வரும்போது தலையில பட்டாலும் இது குத்தாது” என்றார்.

அழுகின பூசணிக்காய் என்று நினைத்ததை நான் அவரிடம் சொல்லவில்லை.

நீலப் பலகையை வாங்கினோம். என் மனைவி பையிலிருந்து மஞ்சள், குங்குமம், சூடம் எல்லாம் எடுத்தாள். நல்லெண்ணெய்க் குப்பியையும் எடுத்தாள். புதுப் பொருள், ஒரு சொட்டு தடவிப் பொட்டு வைக்கலாம் என்றாள். அந்தத் தம்பி பாய்ந்து வந்து தடுத்தார். கால் வழுக்காமல் இருப்பதற்கு மேலே மெழுகு தேய்க்கிறோம், நீங்கள் எண்ணெய் தேய்த்தால் பெண் நிற்கவே மாட்டாள் என்றார். பொட்டை எங்கே வைப்பது என்று அவர்கள் இருவரும் கொஞ்ச நேரம் பேசி, கடைசியில் பலகையைக் கவிழ்த்து, முன்பக்கம் அடியில் மஞ்சள் வைத்தார்கள். நாங்களும் புதுப் படகுக்குக் கடலைப் பார்த்த பக்கம்தான் வைப்போம் என்றார். மணலில் சூடம் காற்றில் நிற்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் கையால் அணை கட்டினோம்.

மகள் பலகையின் பின்பக்கம் இருந்த கயிற்றைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு இறங்கினாள். போன வாரம் அந்தக் கயிறு என் கண்ணில் பட்டும் மனசில் படவில்லை. அவள் கையால் துழாவிக்கொண்டே போனாள். அவள் தலை அலைக்குப் பின்னால் மறைவதும் தெரிவதுமாக இருந்தது. என் மனைவி என் முழங்கையைப் பிடித்தாள். பிடித்தது யாருக்காக என்று தெரியவில்லை.

ஒரு அலையில் எழுந்தாள். விழுந்தாள். நீலப் பலகை மட்டும் மேலே துள்ளியது. அவளைக் காணவில்லை. எனக்கு அங்காளம்மா என்று வாய்விட்டு வந்துவிட்டது. அடுத்த நிமிஷம் அவள் கை மேலே வந்தது. கயிற்றை இழுத்தாள். போய்விட்டது என்று நான் நினைத்த பலகை, கூப்பிட்ட மாடு மாதிரி அவளிடம் திரும்பி வந்தது. அதன்மேல் நெஞ்சைப் போட்டுக்கொண்டு மூச்சு வாங்கினாள். பிறகு ஏறி உட்கார்ந்து எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

பக்கத்தில் நின்ற அந்தத் தம்பி மெதுவாகச் சொன்னார். “பலகைய உட்டுட்டு நீந்தி வரக்கூடாதுன்னுதான் மொதல் நாளே சொல்லி குடுப்பேன் ஐயா. இது முழுகாது. இத புடிச்சுனு படுத்துட்டா போதும், அலையே கொண்டாந்து கரையில போட்டுடும்.”

அந்த நேரம் வரைக்கும் அந்தப் பலகை என் பிள்ளையைக் கடலுக்குள் கொண்டுபோகிற பொருள் என்றுதான் நினைத்திருந்தேன். திருப்பிக் கொண்டுவருவதும் அதுதான் என்பது எனக்குத் தெரியாது. மணலில் உட்கார்ந்துவிட்டேன். காய்ச்சல் விட்டுப் போகும்போது வேர்த்துக் கொட்டி உடம்பு லேசாகுமே, அந்த மாதிரி இருந்தது.

அவள் எத்தனையோ தடவை விழுந்தாள். ஒரு கட்டத்துக்குமேல் அவள் விழும்போது என் மனைவி, ‘ஐயோ’ என்பதை விட்டுவிட்டு, ‘காலு வளையல, காலு வளையல’ என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். வெயில் ஏறுகிற நேரத்தில் ஒரு அலையில் அவள் எழுந்து நின்று, முழங்காலை மடித்து, கையை விரித்துக்கொண்டு, நுரையோடு நுரையாக எங்களுக்கு நேராக வந்து மணலில் இறங்கினாள். நான் போய் அவள் தலையைத் தொட்டேன். திருநீறு பையிலேயே இருந்தது. ஈரத் தலையில் கொஞ்சம் பூசிவிட்டேன்.

பலகை பஸ்ஸில் ஏறாது. அந்தக் கொட்டகையிலேயே வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடலுக்குப் போகிறாள். கரையேறியதும் எங்களுக்குப் போன் செய்ய வேண்டும் என்பது மட்டும்தான் நான் போட்ட கட்டளை. முதல் சில வாரம் நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு பூஜை அறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். இப்போது விளக்கேற்றி, அவளைப் பார்த்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாட்டுக்குத் தீவனம் வைக்கப் போய்விடுகிறேன். போனவாரம் மணி அடித்தபோது நான் கொல்லையில் இருந்தேன். என் மனைவி போனை எடுத்துக்கொண்டு வந்து என் காதில் வைத்தாள்.

“வந்துட்டேன் நைனா” என்றாள்.

என் கை முழுக்கத் தவிடு. போனைத் தோளால் இடுக்கிக்கொண்டு, “தலைய நல்லா தொவட்டு, சளி புடிச்சுக்கும்” என்றேன்.